பண்பாடும் சமூகமும்: வரையறை நிலையும் கருவி நிலையும்
(போசரிக் களத்தை முன்வைத்து)

முன்னுரை

தமிழ்த்துறைகளில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளுள் ‘பண்பாட்டுக் கூறுகள்’, ‘சமுதாயப் பார்வை’, ‘சமூகச் சிந்தனைகள்’ என்னும் தொடர்களைத் தலைப்பிற் கொண்டவை பலவாகும். சிற்றிலக்கியம் முதல் இன்றைய நாவல் வரை இத்தலைப்புகளின்கீழ் ஆராயப்படாத இலக்கிய வகை அரிது. இவ்வேடுகளின் முதல் இயல் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இயங்குகிறது. பண்பாடு என்னும் சொல்லின் பொருள், டைலரின் வரையறை, மாலினோவ்ஸ்கியின் கருத்து, மெக்ஐவரின் சமூக விளக்கம், பொருள்சார் பண்பாடு, பொருள்சாராப் பண்பாடு என்னும் பகுப்பு ஆகியன வரிசையாக இடம்பெறும். இரண்டாம் இயல் தொடங்கியதும் இவையனைத்தும் மறைந்துவிடும். அதன்பின் உணவு, உடை, அணிகலன், நம்பிக்கை, சடங்கு, விழா எனப் பட்டியல் நீளும். முதல் இயல் முழுவதையும் நீக்கிவிட்டுப் படித்தாலும் பிற இயல்களின் முடிபுகளில் எந்த மாற்றமும் நேராது. அங்ஙனமாயின் அவ்வரையறைகள் ஆய்விற்கு ஆற்றிய பணி யாது என்னும் வினா எழுகிறது.

பண்பாடு, சமூகம் என்பன சமூக அறிவியலின் அடிப்படைக் கருத்தாக்கங்கள். ஒரு கருத்தாக்கம், அதனைக் கொண்டு நோக்காவிடில் புலப்படாத ஒன்றைப் புலப்படுத்தும்போதே ஆய்வுக் கருவியாகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுத்துவிட்டு, ஆய்வினுள் ஒன்றாகவே கலந்து வழங்குவதால் தமிழாய்வு இழப்பது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்குரிய களமாகப் புனே நகரை அடுத்துள்ள போசரியும் அதன் சுற்றுப்புறமும் கொள்ளப்படுகின்றன. தமிழ் வழங்கும் நிலத்திற்கு வெளியேயுள்ள இடம் ஒன்றைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிற்குள் மொழி, பண்பாடு, சமூகம் ஆகிய மூன்றும் ஒன்றே எனக் கொள்வது எளிது. பல மொழியினர் ஒரே தெருவில் வாழும் தொழில் நகரத்தில் அக்கொள்கை நிற்பதில்லை.

1. சொற்களின் வரலாறு

‘பண்பு’ பழஞ்சொல். பிறர் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதலைப் பண்பு என்று கலித்தொகைப் பாடலொன்று விளக்குகிறது. ஆயின், ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்க்கைமுறை முழுமையையும் குறிக்கும் ‘பண்பாடு’ என்னும் ஆட்சி இருபதாம் நூற்றாண்டிற்குரியது. ரசிகமணி டி.கே.சி. 1937ஆம் ஆண்டளவில் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார் என எஸ். வையாபுரிப்பிள்ளை குறிப்பிடுவார். கலாச்சாரம், நாகரிகம் ஆகிய சொற்களும் இதனோடு மாறி மாறி வழங்கிவந்துள்ளன. தனிமனித நல்லொழுக்கத்தைச் சுட்டிய சொல், ஒரு கூட்டத்தின் வாழ்க்கைமுறையைச் சுட்டும் கலைச்சொல்லாக மாறியபோதும் பழைய பொருள் அதனை விட்டு நீங்கவில்லை. ‘பண்பாடற்ற செயல்’ என்று இன்றும் கூறுகிறோம். மானிடவியலார் பொருளில் பண்பாடற்ற மனிதச் செயல் என ஒன்று இருத்தலியலாது. புகழ்ச்சிச் சொல்லாகவும் ஆய்வுச் சொல்லாகவும் ஒரே சொல் வழங்குவதால், பண்பாட்டை ஆராயப் புகுபவர் தம்மையறியாமலே அதனைப் போற்றத் தொடங்கிவிடுகிறார்.

பிற இந்திய மொழிகளிலும் இச்சொல்லாக்கம் அண்மைக் காலத்ததே. வங்காளத்தில் ‘கிருஷ்டி’ என்னும் சொல் முன்னர் வழங்கியது. உழவு என்னும் அடிப்பொருளை உடைய இச்சொல் இரவீந்திரநாத் தாகூருக்கு உவப்பாயில்லை. 1922ஆம் ஆண்டு பாரிசில் மராட்டிய நண்பர் ஒருவர் வாயிலாக, ‘சம்ஸ்கிருதி’ என்னும் சொல் மராட்டியில் இப்பொருளில் வழங்குவதை அறிந்த மொழியியலறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி, அதனைத் தாகூரிடம் எடுத்துரைக்க, அவரும் ஏற்றுக்கொண்டார். இன்று பல வட இந்திய மொழிகளில் நிலைபெற்றுள்ள சொல்லின் பயணத்தில் மராட்டிக்கும் பங்குண்டு என்பது இதனாற் பெறப்படும்.

‘சமூகம்’ என்னும் சொல் இதனினும் சிக்கலுடையது. சமூக அறிவியலில் அது மனிதர்க்கிடையே நிலவும் உறவுகளின் அமைப்பைச் சுட்டும். நாள்வழக்கிலோ ‘எங்கள் சமூகம்’ என்றால் சாதி என்பது பொருள். ‘சமுதாயம்’ என்பதும் இருபொருளிலும் வழங்குகிறது. மராட்டியில் ‘சமாஜ்’ என்னும் சொல்லும் இங்ஙனமே. பொதுச் சமூகத்தைக் குறிக்கவும் தனிச் சாதியினரைக் குறிக்கவும் அச்சொல் பயன்படுகிறது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. மணமும் உணவும் சாதிக்குள்ளேயே அமைந்திருந்த நாட்டில், மக்கள் தாம் சார்ந்த உறவு வட்டத்தின் எல்லையையே ‘சமூகம்’ என உணர்ந்தனர். நம் ஆய்வேடுகள் மெக்ஐவரின் வரையறையை மேற்கோளிட்டு, நாள்வழக்கின் இப்பொருளைச் சுட்டாது கடந்துவிடுகின்றன. தமிழ்ச் சொல் தானே ஏந்தி நிற்கும் சமூகச் செய்தி இதனால் கவனத்திற்கு வராமற் போகிறது.

2. 1871இல் வெளிவந்த இரு நூல்கள்

எட்வர்டு டைலரின் ‘தொன்மைப் பண்பாடு’ 1871இல் வெளிவந்தது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியவற்றை உள்ளடக்கிய முழுமையாகப் பண்பாட்டை அவர் கண்டார். சமூகத்தின் உறுப்பினன் என்ற முறையில் மனிதன் பெறுவது என்பது அவ்வரையறையின் உயிர்ப்பகுதி. பண்பாடு பிறப்பால் வருவதன்று, கற்றுப் பெறப்படுவது என்னும் இக்கருத்து, இனக் கோட்பாடுகள் ஓங்கியிருந்த காலத்தில் பெரும் திருப்பமாகும். தமிழ் ஆய்வேடுகளோ அதிலுள்ள பட்டியலை எடுத்துக்கொண்டு, ‘கற்றுப் பெறப்படுவது’ என்னும் பகுதியைக் கைவிட்டுவிட்டன. பண்பாடு குருதியில் ஓடுவது போன்ற தொடர்கள் அவ்வேடுகளின் முடிவுரைகளில் இன்றும் காணப்படுகின்றன.

அதே 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கனின் உறவுமுறை அமைப்புகள் பற்றிய பெருநூல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் தமிழ் உறவுச் சொற்கள் சிறப்பிடம் பெறுகின்றன. தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையாகவே எண்ணப்படுதல், தாயின் உடன்பிறந்தாள் தாயாகவே எண்ணப்படுதல், மாமனும் அத்தையும் இவற்றினின்று பிரிக்கப்படுதல் ஆகிய நெறிகள் தமிழிலும், வட அமெரிக்கச் செனிக்கா பழங்குடியினரிடத்தும் ஒத்திருப்பதைக் கண்டு அவர் வியந்தார். இவ்வொற்றுமையை அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றமைக்குச் சான்றாகக் கொண்ட அவர் முடிபு நிலைபெறவில்லை. ஆயின் உறவுச் சொற்கள் ஒரு முறைமையாக இயங்குகின்றன என்னும் அவர் கண்டுபிடிப்பு நிலைபெற்றது. லூயி டூமோன் 1953இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுச் சொற்கள் மண உறவின் வெளிப்பாடு என்று விளக்கினார். அவர் களப்பணி ஆற்றியதும் தமிழகத்துப் பிரமலைக் கள்ளரிடையே ஆகும்.

சமூக அறிவியலின் தொடக்கக் கருத்தாக்கங்கள் உருவான இடத்திலேயே தமிழ்ச் சான்றுகள் இருந்துள்ளன என்பது இங்கு நோக்கத்தக்கது. டைலரை மேற்கோள் காட்டும் நம் ஆய்வாளர், அவ்வாண்டே வெளிவந்து தமிழையே சான்றாகக் கொண்ட மார்கனை அரிதாகவே திறந்து பார்க்கின்றனர்.

3. இரண்டையும் பிரித்தறிதல்

குரோபர், குளுக்கான் என்னும் இருவரும் 1952இல் பண்பாட்டிற்குரிய 164 வரையறைகளைத் திரட்டி வெளியிட்டனர். அவற்றுடன் மேலும் ஒன்றைச் சேர்ப்பதால் பயனில்லை. பண்பாட்டைச் சமூகத்தினின்று பிரித்துக் காண்பதால் விளையும் பயனே முதன்மையானது. ரேமண்ட் ஃபர்த் 1951இல் வெளியிட்ட நூலில் இதனை எளிமையாக விளக்கினார். மனிதரையும் அவர்தம் உறவுகளையும் நோக்கினால் காண்பது சமூகம். அவர்கள் வழிவழியாகப் பெற்றுப் பயன்படுத்தும் பொருள், அறிவு, நெறி ஆகியவற்றை நோக்கினால் காண்பது பண்பாடு. காண்பவரின் நோக்குநிலையே மாறுகிறது. காணப்படும் வாழ்க்கை ஒன்றே.

கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1957இல் இதனை மேலும் கூர்மைப்படுத்தினார். சாவகத் தீவின் சிறுநகர் ஒன்றில் நடந்த ஒரு சிறுவனின் இறுதிச் சடங்கை அவர் எடுத்துக்காட்டினார். இறந்தவன் குடும்பத்தார் மாற்றுக் கட்சியைச் சார்ந்தவர் என்பதால் சமயப் பணியாளர் சடங்கை நடத்த மறுத்தார். துயரை ஆற்றவேண்டிய சடங்கே துயரைப் பெருக்கியது. சடங்கின் பொருள் உருவானது சிற்றூர் வாழ்வில். அதனை நடத்தியோர் நகரத்திற்கு இடம்பெயர்ந்து, தொழிலாலும் கட்சியாலும் புதிய உறவுகளுக்குள் வந்துவிட்டவர். பொருள் ஒரு நெறியிலும் உறவு பிறிதொரு நெறியிலும் சென்றமையாற் சடங்கு முறிந்தது. பண்பாடும் சமூகமும் எப்போதும் ஒன்றற்கொன்று இயைந்தே இருக்கும் எனக் கொண்டால் இம்முறிவிற்கு விளக்கம் கிடையாது என்பதே கீர்ட்ஸின் வாதம்.

4. இரு பல்லக்குகளுக்கு இடையே

இக்கருவியைப் போசரிப் பகுதியிற் பொருத்திக் காணலாம். போசரி புனே–நாசிக் நெடுஞ்சாலையில் அமைந்த பழைய சிற்றூர். மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் நிறுவப்பட்ட பின்னர், பிம்ப்ரி, சின்ச்வட், போசரிப் பகுதிகளின் வயல்கள் தொழிற்பேட்டைகளாயின. 1982இல் பிம்ப்ரி-சின்ச்வட் மாநகராட்சி உருவாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநகராட்சியின் மக்கள்தொகை 17 இலட்சத்திற்கும் மேல்.

இப்பகுதியின் ஒருபுறம் ஞானேசுவரர் அடங்கிய ஆளந்தியும், மறுபுறம் துக்காராமின் ஊராகிய தேஹூவும் உள்ளன. ஆண்டுதோறும் பண்டரிபுரத்திற்குச் செல்லும் ‘வாரி’ என்னும் நடைப்பயணம் இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் பல்லக்குகளோடு புறப்படுகிறது. ஆளந்திப் பல்லக்கு போசரியை அடுத்த திகி வழியாகவும், தேஹூப் பல்லக்கு அகுர்டி, பிம்ப்ரி வழியாகவும் புனேயை அடைகின்றன.

புனே தக்காணக் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியலறிஞர் ஐராவதி கார்வே (1905–1970) இந்நடைப்பயணத்தில் தாமும் கலந்துகொண்டு மராட்டியில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1962இல் வெளிவந்தது. பண்டரிபுரத்திற்கு நடந்து செல்லும் மக்களின் நாடே மகாராட்டிரம் என்னும் புதிய வரையறையை அப்பயணத்தில் தாம் கண்டதாக அவர் எழுதினார். பண்பாட்டு அடிப்படையில் ஒரு நாட்டிற்குத் தரப்பட்ட வரையறை இது. ஆனால் அதே கட்டுரையில் அவர் பிறிதொன்றையும் பதிவு செய்தார். ‘திண்டி’ எனப்படும் பாடற்குழுக்கள் பாடுவன ஒரே பாடல்கள். வணங்குவது ஒரே தெய்வம். நடப்பது ஒரே சாலை. உணவு வேளை வந்ததும் சாதிவாரியாகப் பிரிந்து உண்ணுகின்றனர். இப்பிரிவு அவரை வருத்தியது. பிரிவைக் கடந்து பிறருடன் அமர்ந்து தாம் உண்டதையும் அவர் குறிப்பிடுகிறார்.

பண்பாட்டுக் கூறுகளைத் தொகுக்கும் ஆய்வாளர் இப்பயணத்தைக் கண்டிருப்பின் துளசி மாடம், தாளம், மிருதங்கம், கொடி, அபங்கப் பாடல்கள் எனப் பட்டியலிட்டு, ‘வாரி ஒற்றுமையை வளர்க்கிறது’ என முடித்திருப்பார். சமூகப் பிரிவை மட்டும் நோக்குபவர், பாடலின் ஒற்றுமையைப் போலித்தோற்றம் என ஒதுக்கியிருப்பார். கார்வே இரண்டையும் ஒருங்கே கண்டார். பாடும்போது உள்ள ஒற்றுமையும் உண்மை; உண்ணும்போது உள்ள பிரிவும் உண்மை. இரண்டும் ஒரே மக்களிடத்து, ஒரே நாளில் நிலவுகின்றன. இதனைச் சொல்லுதற்கு இரு கருத்தாக்கங்கள் தேவைப்படுகின்றன.

தமிழிலும் இத்தகைய முன்மாதிரி இல்லாமலில்லை. தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆற்றிய ‘அழகர் கோயில்’ ஆய்வு 1989இல் அப்பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஒரு கோயிலைப் பற்றிய அந்நூல் சிற்பம், கல்வெட்டு ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகிய ஒவ்வொரு பிரிவினரும் கோயிலோடு கொண்ட தொடர்பைத் தனித்தனியே விளக்கியது. ஒரே சித்திரைத் திருவிழாவிற்கு வருவோர், வெவ்வேறு உரிமைகளோடும் வெவ்வேறு நினைவுகளோடும் வருகின்றனர் என்பதை அந்நூல் களப்பணி வழி நிறுவியது. அழகர்மலை ஆய்வும் பண்டரிபுரக் கட்டுரையும் ஒன்றையொன்று அறியாது எழுந்தவை போலத் தோன்றினும், அவற்றின் முறையியல் ஒப்புமை ஆழமானது. தமிழ்த்துறை ஆய்வேடு ஒன்றே இதனைச் செய்துகாட்டியிருக்க, அதன்பின் வந்த பல ஏடுகள் அதன் பொருளைப் பின்பற்றிய அளவிற்கு அதன் முறையைப் பின்பற்றவில்லை.

5. சொல் ஒரு நெறி, மணம் ஒரு நெறி

கார்வே 1953இல் வெளியிட்ட ‘இந்தியாவில் உறவுமுறை அமைப்பு’ என்னும் நூல், வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நாட்டை நான்கு உறவுமுறை மண்டிலங்களாகப் பகுத்தது. மகாராட்டிரம் நடுமண்டிலத்துள் அடங்குகிறது. வடக்கில் மாமன் மகளை மணத்தல் விலக்கப்பட்டது. தெற்கில் அதுவே விரும்பப்படும் மணம். மராட்டியரிடையே பல சாதிகளில் மாமன் மகளை மணப்பது ஏற்கப்படுகிறது. அத்தை மகளை மணப்பதோ பொதுவாக விரும்பப்படுவதில்லை.

இதனோடு உறவுச் சொற்களையும் வைத்து நோக்கினால் சுவையான ஓர் உண்மை புலப்படுகிறது. மராட்டியில் மாமன் மகள் ‘மாமே பஹீண்’ எனப்படுவாள். மாமன் வழித் தங்கை அல்லது தமக்கை என்பது இதன் பொருள். தமிழில் மாமன் மகள் முறைப்பெண். அவளைத் தங்கை என அழைப்பது முறைகேடு. ஆக, மராட்டியச் சொல் வடக்கின் நெறியில் அவளை உடன்பிறந்தாளாக்குகிறது. மராட்டிய மணவழக்கம் தெற்கின் நெறியில் அவளை மணமகளாக ஏற்கிறது. சொல்லின் எல்லையும் உறவின் எல்லையும் ஒரே இடத்தில் அமையவில்லை. ஒரு மொழிக்கு ஒரு பண்பாடு, ஒரு பண்பாட்டிற்கு ஒரு சமூகம் என்னும் சமன்பாடு இங்குப் பொருந்தாமை வெளிப்படை. தமிழ்த் திருமண முறைகளைத் ‘தமிழர்க்கே உரிய பண்பாடு’ என எழுதுமுன் அண்டை நிலத்தை நோக்கவேண்டியதன் தேவையும் இதனால் விளங்கும்.

6. போசரித் தமிழரை ஆராய்தல்

புனே, கட்கி, தேஹூ ரோடு ஆகிய பாளையப் பகுதிகளில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். படைத்துறைத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அவர்களை ஈர்த்தன. பின்னர்ப் பிம்ப்ரி, போசரித் தொழிற்பேட்டைகள் பல மாநிலத் தொழிலாளர்க்கும் வாழ்விடமாயின. இத்தகைய இடத்துத் தமிழரைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதப்படுமாயின், நடப்பு முறைப்படி அதன் இயல்கள் எவ்வாறு அமையும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். பொங்கல், கோலம், திருமணச் சடங்கு, உணவு, வழிபாடு, தமிழ்ச் சங்கம் என அவை அமையும். ‘கடல் கடந்தும் மலை கடந்தும் தமிழர் தம் பண்பாட்டைக் காத்துவருகின்றனர்’ என்பது முடிவுரையாகும்.

இம்முடிவு பொய்யாகாது, ஆனால் அது எந்தக் களத்திற்கும் பொருந்தும். போசரிக்குப் பொருந்துவது போன்றே பினாங்கிற்கும் டர்பனுக்கும் பொருந்தும். எல்லா இடத்திற்கும் ஒருபடித்தாய்ப் பொருந்தும் முடிவு, எந்த இடத்தைப் பற்றியும் ஒன்றும் கூறவில்லை என்பதே பொருள்.

பண்பாட்டையும் சமூகத்தையும் பிரித்தறியும் ஆய்வாளர் வேறு வினாக்களை எழுப்புவார். தொழிற்சாலை வேலை யார் வழியாகக் கிடைத்தது? ஊர்க்காரர் வழியா, சாதியினர் வழியா, ஒப்பந்தக்காரர் வழியா? வாடகை வீடு தருபவர் முதலில் வினவுவது மொழியையா, சாதியையா, உணவுப் பழக்கத்தையா? மகளுக்கு மணமகன் தேடுவது புனேயிலா, திருநெல்வேலியிலா? பொங்கல் விழாவிற்கு ஒரே பந்தலில் கூடும் குடும்பங்கள், சாவு வீட்டிற்கும் ஒன்றாகச் செல்கின்றனவா? தெருவின் பிள்ளையார் சதுர்த்திப் பந்தலுக்குத் தமிழ்க் குடும்பம் ‘வர்கணி’ கொடுக்கிறதா? கொடுத்தால் விழாக்குழுவில் அதற்கு இடமுண்டா?

இறுதி வினா முதன்மை வாய்ந்தது. வர்கணி என்பது மராட்டியில் பொதுச் செயலுக்குப் பங்கிட்டுத் திரட்டும் பணம். தமிழகச் சிற்றூர்களில் கோயில் கொடைக்குத் திரட்டப்படும் தலைக்கட்டு வரியோடு இதனை ஒப்பிடலாம். தலைக்கட்டு வரி செலுத்துபவரே ஊரின் கணக்கில் சேர்ந்தவர். ஓர் ஊரில் வாழ்ந்து, அவ்வூர்த் தெய்வத்தையே வணங்கி, அதே கொடையின் ஆட்டத்திற்குப் பறை முழக்கியும், வரி பெறப்படாத குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. பண்பாட்டு நோக்கில் அவர்கள் அவ்விழாவின் பகுதியினர். சமூக நோக்கில் அவ்வூரின் கணக்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர். ‘தலைக்கட்டு’ என்னும் இச்சொல், சமூக உறுப்பினன் யார் என்பதற்கு எந்த மேலைக் கலைச்சொல்லினும் துல்லியமான அளவுகோலைத் தருகிறது. இத்தகைய சொற்களைத் தேடித் தொகுத்து அவற்றை ஆய்வுக் கருவிகளாக்குவது தமிழ்த்துறையினரே சிறப்பாக ஆற்றக்கூடிய பணியாகும். கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், தொல்காப்பியத் திணைப் பகுப்பைச் சமனற்ற சமூக வளர்ச்சி என்னும் கருத்தாக்கத்தோடு இணைத்து நோக்கியமை இதற்கு வழிகாட்டியாக உள்ளது. அவர் முடிபுகளை ஏற்காதவரும், கருத்தாக்கம் அங்கே பணிபுரிகிறது என்பதை மறுத்தல் இயலாது.

7. ‘பண்பாடு’ என்னும் போர்வை

இவ்வேறுபாடு ஆய்வறையோடு நின்றுவிடுவதன்று. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை பற்றி எழுந்த பூசலால் தேரோட்டம் பல்லாண்டு தடைப்பட்டு, 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் மீண்டும் நடைபெற்றது. தேர், வடம், வெள்ளோட்டம் என்பவை பண்பாட்டுக் கூறுகள். வடத்தை யார் தொடலாம் என்பதோ சமூக உறவு. ‘இது எங்கள் பண்பாடு, வழிவழி வந்த மரபு’ என்று கூறும்போது, உறவு பற்றிய வினா பண்பாடு என்னும் போர்வைக்குள் மறைக்கப்படுகிறது. பண்பாடு புகழ்ச்சிச் சொல்லாகவும் விளங்குவதால், மறைக்கப்பட்டதை வினவுவோர் பண்பாட்டின் பகைவராகச் சித்திரிக்கப்படுகின்றனர். ஆய்வாளர் இரு சொற்களையும் கலந்து வழங்கும்போது, விரும்பியோ விரும்பாமலோ இம்மறைப்பிற்குத் துணைபோகிறார்.

மராட்டிய மண்ணின் மற்றுமோர் அறிஞர் இவ்வேறுபாட்டை ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே கண்டார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் கொலம்பியாப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பி.ஆர். அம்பேத்கர் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு அகவை 25. இந்தியா முழுவதும் ஆழ்ந்த பண்பாட்டு ஒருமை நிலவுகிறது என்பதை அவர் அக்கட்டுரையில் ஏற்றுக்கொள்கிறார். அவ்வொருமையினால்தான் சாதி விளக்கத்திற்கு அரிய சிக்கலாகிறது என்பது அவர் வாதம். பண்பாட்டால் வேறுபட்ட மக்கள் பிரிந்து வாழ்வதில் வியப்பில்லை. பண்பாட்டால் ஒன்றியோர் ஏன் பிரிந்து வாழ்கின்றனர்? அகமண முறையே அப்பிரிவை உண்டாக்கிக் காக்கும் பொறி என அவர் விடை கண்டார். பண்பாட்டின் ஒருமையைக் காட்டி சமூகப் பிரிவை மறுப்பதும், சமூகப் பிரிவைக் காட்டிப் பண்பாட்டின் ஒருமையை மறுப்பதும் அவரிடம் இல்லை. இரண்டையும் எதிரெதிர் நிறுத்தியதாலேயே அவருக்கு வினா பிறந்தது. கார்வே பின்னாளில் பண்டரிபுரச் சாலையில் கண்டதும் இவ்வினாவின் கண்கூடான வடிவமே எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

பண்பாடு, சமூகம் என்னும் கருத்தாக்கங்கள் தமிழ் ஆய்வேடுகளில் பெரும்பாலும் வரையறை மேற்கோள்களாகவே இடம்பெறுகின்றன. அவை ஆய்வின் முடிபை மாற்றவல்ல கருவிகளாகப் பயன்படுத்தப்படுவது குறைவு.

பண்பாட்டின் எல்லை, சமூகத்தின் எல்லை, மொழியின் எல்லை ஆகிய மூன்றும் ஒன்றே எனக் கொள்வது சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. ஆளந்திச் சாலையின் உணவுப் பிரிவும், மராட்டிய உறவுச் சொல்லும், தமிழகத்துத் தலைக்கட்டு வரியும் இதனை வெவ்வேறு வகையில் மெய்ப்பிக்கின்றன.

இடம்பெயர்ந்து வாழும் தமிழரைப் பற்றிய ஆய்வுகள், காக்கப்பட்ட கூறுகளை எண்ணுவதோடு நில்லாது, வேலை, வீடு, மணம், சாவு, விழா ஆகியவற்றில் அமையும் உறவுகளையும் கண்டறிதல் வேண்டும். போசரி போன்ற தொழில் நகரங்கள் அதற்குரிய வளமான களங்கள். பண்பாடு மாறாது நிற்க உறவு மாறிய இடங்களும், உறவு மாறாது நிற்கப் பண்பாடு மாறிய இடங்களும் அங்கே ஆய்வாளரின் கண்ணிற்படும்.

முனைவர் பட்ட ஆய்வை மேற்கொள்வோரும் அவர்தம் நெறியாளரும் ஒரு சிறு சோதனையைக் கைக்கொள்ளலாம். ஏட்டின் முதல் இயலில் உள்ள ஒவ்வொரு வரையறைக்கும் எதிரே, பின்வரும் இயல்களில் அது பயன்பட்ட பக்க எண்ணைக் குறித்துவைத்தல் அச்சோதனை. பக்க எண் குறிக்க இயலாத வரையறையை ஏட்டிலிருந்து நீக்கிவிடலாம். குறிக்க இயன்றவை எண்ணிக்கையிற் சிலவாயினும், அவையே அவ்வாய்வின் கோட்பாட்டு அடித்தளமாக அமையும்.